எத்தனை அடிக்கு எந்த லைட்? மேடை வெளிச்சம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பள்ளி ஆண்டு விழா, ஆடி மாதத் திருவிழா மேடை, சுற்றுக் கிராமங்களில் விடிய விடியக் கூத்து, மே மாதம் ஏற்காடு கோடை விழா. லைட் போடும் வேலையில் இருப்பவர்களிடம் எல்லா இடத்திலும் கேட்கப்படும் சந்தேகங்கள் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அண்ணா, 30 அடி மேடைக்கு எத்தனை வாட்ஸ் லைட் போடணும்ங்க?

வாட்ஸ் என்பது லைட் எடுத்துக்கொள்ளும் மின்திறனின் அளவு. ஜெனரேட்டர் எடுக்கவும் வயர் தடிமன் பார்க்கவும் அது வேண்டும். ஆயிரம் வாட்ஸ் ஹேலஜன் பார் (PAR என்னும் டப்பா வடிவ லைட்) ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து போட்டால் 43 ஆம்பியர். ஆனால் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பதை வாட்ஸ் சொல்லாது. 200 வாட்ஸ் எல்.இ.டி. ஒன்று குறுகிய லென்ஸோடு இருந்தால், அகல லென்ஸ் போட்ட 300 வாட்ஸை எளிதாக மிஞ்சிவிடும்.

முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: லைட்டிலிருந்து ஆள் எத்தனை அடி, அந்த லைட் எத்தனை டிகிரி விரியும். இந்த இரண்டும் கையில் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் இருப்பது உங்கள் மேடைக்கு வரும். மேடைக்கு வேண்டியது வராது.

த்ரோ த்ரோங்கறீங்களே, அது கம்பத்துக்கும் மேடைக்கும் நடுவுல இருக்கற தூரம்தானுங்களே?

இல்லை. தரையில் டேப் பிடித்து அளப்பது த்ரோ ஆகாது. லைட் கண்ணாடியிலிருந்து ஆளின் முகம் வரை சாய்வாக ஒரு கயிறு கட்டினால் வரும் நீளமே த்ரோ.

உதாரணம் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். கீழே பல கேள்விகளுக்கு இதே மேடைதான். மேடை தரையிலிருந்து 4 அடி உயரம். நிற்பவரின் முகம் அதற்கு மேல் 5 அடி. லைட் தரையிலிருந்து 21 அடியில் தொங்குகிறது. முகத்துக்கும் லைட்டுக்கும் உயர வித்தியாசம் 12 அடி. தரைமட்டத்தில் ஆளுக்கும் கம்பத்துக்கும் 16 அடி. பனிரெண்டை பனிரெண்டால் பெருக்கினால் 144, பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256, கூட்டினால் 400, அதன் வர்க்கமூலம் 20. த்ரோ 20 அடி. கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்கும் 3-4-5 கணக்கும் இதுவும் ஒன்றே.

பெட்டியில 26 டிகிரின்னு போட்டிருக்கு. அது அடியில எவ்வளவு வரும்?

ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. த்ரோவை அதால் பெருக்கினால் வட்டத்தின் அகலம் கிடைக்கும். 10 டிகிரிக்கு 0.17, 15-க்கு 0.26, 19-க்கு 0.33, 26-க்கு 0.46, 36-க்கு 0.65, 45-க்கு 0.83, 50-க்கு 0.93, 60-க்கு 1.15. கோணத்தில் பாதிக்கு டேன்ஜென்ட் பார்த்து இரண்டால் பெருக்கியதுதான் இந்த எண். பத்தாம் வகுப்புக் கணக்கு.

நம் மேடையில் 20 அடி த்ரோவுக்கு 26 டிகிரி லைட் போட்டால் 9.2 அடி வட்டம். அதே இடத்தில் 50 டிகிரி போட்டால் 18.6 அடி, 10 டிகிரி போட்டால் மூன்றரை அடிக்கும் குறைவு, ஒரு தலையும் தோளும். அடியில் அளந்தால் விடை அடியில் வரும், மீட்டரில் அளந்தால் மீட்டரில் வரும். எண் மாறாது. லைட் பெட்டியின் உள்மூடியில் இந்த எண்களை மார்க்கரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

வாடகைக்கு எடுத்த லைட்டுல ஸ்டிக்கரே இல்லீங்க. ஆங்கிள் எப்படித் தெரிஞ்சுக்கறது?

டிகிரி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைச் சுவரிலிருந்து சரியாக 10 அடி தள்ளி லைட்டை நேராகப் பிடித்து எரியவிடுங்கள். வட்டத்தின் அகலத்தை அளந்து பத்தால் வகுங்கள். நாலேகால் அடி வந்தால் உங்கள் எண் 0.425. இனி அந்த லைட்டுக்கு எந்த த்ரோவாக இருந்தாலும் இந்த எண்ணால் பெருக்கினால் போதும்.

ஸ்டிக்கர் இருக்கும் லைட்டுக்கும் இதைச் செய்வது நல்லது. குறைந்த விலை எல்.இ.டி. பார்களில் அச்சடித்த டிகிரியும் உள்ளே இருக்கும் லென்ஸும் ஒத்துப்போகாமல் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சுவர் சொல்வதை நம்புங்கள்.

ஸ்டிக்கர்ல 25-னு இருக்கு, ஆனா சுவத்துல வட்டம் ரொம்பப் பெருசா வருதே?

ஒரு லைட்டுக்கு இரண்டு கோணம் சொல்வார்கள். நடுவில் இருக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும் இடம் வரைக்கும் அளப்பது பீம் ஆங்கிள். பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் அளப்பது ஃபீல்டு ஆங்கிள். கண் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதை, ஏனென்றால் மங்கலான ஓரமும் கண்ணுக்கு வெளிச்சம்தான். ஸ்டிக்கரில் எதை எழுதுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அந்த மங்கல் ஓரத்தில் முகத்தை நிறுத்தினால் போட்டோவில் ஆள் கருத்துப் போவார். அதனால் சுவர்ச் சோதனையில் முழு வட்டத்தை அளக்காமல், பாதி வெளிச்சம் இருக்கும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) மீட்டர் செயலி இருந்தால் நடுவில் 800 காட்டினால் 400 காட்டும் இடம் வரை. ப்ரொஃபைல் லைட்டுக்கு மட்டும் இந்தக் குழப்பம் குறைவு. அதன் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும்.

அப்போ அந்த 30 அடி மேடைக்கு எத்தனை லைட்டுதானுங்க வேணும்?

9.2 அடி வட்டம் மூன்று போட்டால் 27 அடியும் கொஞ்சமும்தான் வரும். அதுவும் வட்டங்கள் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். நடுவில் நடப்பவர் ஒவ்வொரு இடைவெளியிலும் மங்கிப் பிரகாசமாவார். நாலு லைட்டை 7 அடிக்கு ஒன்றாக மையம் வைத்தால் ஒன்றன் ஓரம் மற்றதன் மேல் ஏறும். இங்கே பாதி, அங்கே பாதி சேர்ந்து வெளிச்சம் சமமாகும். முன்வரிசைக்கு 4 போதும்.

மேடை 20 அடி ஆழம் என்றால் பின்பகுதிக்கு இன்னொரு 4. காசு இருந்து, முகம் தட்டையாகத் தெரியக்கூடாது என்றால் ஒவ்வொரு இடத்துக்கும் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று என இரட்டிப்பாக்கலாம். அமெரிக்காவில் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் 1930-களில் வகுத்துக் கொடுத்த முறை இது: இருபக்கமும் 45 டிகிரி, ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். நாடகத்துக்கு இன்றும் இதைவிட நல்ல அடிப்படை இல்லை என்பது என் கருத்து.

கம்பத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சா எவ்வளவு வெளிச்சம் கொறையும்?

நினைப்பதைவிட அதிகம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். லைட்டின் விவரத்தாளில் கேண்டெலா என்று ஒரு எண் இருக்கும், ஒரு திசையில் போகும் ஒளியின் வலிமை அது. அதைத் தூரத்தின் வர்க்கத்தால், மீட்டரில், வகுத்தால் லக்ஸ். 40,000 கேண்டெலா லைட் 5 மீட்டரில் 1,600 லக்ஸ் கொடுக்கும்; 10 மீட்டரில் 400; 20 மீட்டரில் வெறும் 100.

கண் 200, 300 லக்ஸில் திருப்தியடைந்துவிடும். வீடியோக்காரர்கள் 500-க்குக் கீழே இருந்தால் முகம் சுளிப்பார்கள். எனவே விழாக் கமிட்டி "முன்னாடி கம்பம் மறைக்குது, பின்னாடி போடுங்க" என்று சொன்னால், பின்னால் போடலாம், ஆனால் அதே லைட்டோடு போக முடியாது. தூரம் இரட்டிப்பானால் கோணம் ஏறக்குறைய பாதியாக வேண்டும். 26 டிகிரிக்குப் பதில் 12, 13 டிகிரி. வட்டத்தின் அகலமும் பழையபடி நிற்கும், வெளிச்சமும் பெருமளவு மீளும்.

பார், ப்ரொஃபைல், ஃப்ரெனல்... எதை எங்க போடறது?

தூரத்திலிருந்து, துல்லியமாக: ப்ரொஃபைல். ஓரத்தை உள்ளிருக்கும் தகடுகளால் வெட்டலாம். 19, 26, 36, 50 டிகிரி லென்ஸ் குழல்கள் மாற்றிப் போடும் வகை பரவலாகக் கிடைக்கிறது.

கிட்டத்திலிருந்து, மென்மையாக: ஃப்ரெனல். 10 முதல் 20 அடிக்கு அருமை. ஒரு குமிழைத் திருப்பினால் விரியும், சுருங்கும். அந்த வளைய வளையமான கண்ணாடியை ஃபிரெஞ்சுக்காரர் ஃப்ரெனல் மேடைக்காகச் செய்யவில்லை. 1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏறியது அது.

நிறம் நிரப்ப: பார். பழைய ஹேலஜன் பார் 64-க்கு ஒரு குணம் உண்டு, அதன் பீம் வட்டம் இல்லை, நீள்வட்டம். பல்பைப் பின்னாலிருந்து திருப்பினால் நீள்வட்டம் படுக்கும் அல்லது நிமிரும். மேடைக் குறுக்கே வேண்டுமென்றால் படுக்க வையுங்கள். இதைச் சரிபார்க்காமல் தொங்கவிட்டு "ஒரு பக்கம் இருட்டா இருக்கே" என்று தேடுபவர்கள் நிறைய.

லைட்டை எவ்வளவு ஒசரத்துல கட்டணும்?

முகத்துக்கு மேலிருந்து 35 முதல் 45 டிகிரிச் சாய்வில் விழுந்தால் இயல்பாக இருக்கும். முகத்துக்கு மேல் உள்ள உயரம், தரைத் தூரத்தில் முக்கால் பங்கு முதல் சமம் வரை இருக்கட்டும். நம் உதாரணத்தில் 16-க்கு 12, அதாவது 37 டிகிரி. 45-க்கு மேல் ஏற்றினால் கண்குழி கருக்கும். 35-க்குக் கீழே இறக்கினால் முகம் தட்டையாகி, பின்திரையில் நிழல் எழும். கூத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

எங்கூர் கூத்துக்குப் போட்டா கர்ணன் மூஞ்சியே தெரியலீங்களே, ஏன்?

கிரீடம்தான் காரணம். பெரிய கிரீடம் நெற்றிக்கு முன்னால் தள்ளி நிற்கும். 45 டிகிரியில் மேலிருந்து வரும் வெளிச்சம் கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் ஜொலிக்க வைத்துவிட்டு, அரிதாரம் பூசிய முகத்தை நிழலில் விட்டுவிடும். பந்தமும் பெட்ரோமாக்ஸும் இருந்த காலத்தில் வெளிச்சம் தாழ்விலிருந்தே வந்தது. அந்த முக எழுத்தின் தடித்த கோடுகளும் கண்ணாடிச் சில்லுகளும் அந்த வெளிச்சத்தில் பார்க்கப்பட்டு வளர்ந்தவை. கூத்துக்கு லைட் போடுபவர் அதை மதிக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தரையிலேயே ஆடும் கூத்து என்றால் லைட்டை 12 அடி உயரத்தில், 13 அடி தள்ளிக் கட்டுங்கள். முகம் 5 அடியில் இருப்பதால் வித்தியாசம் 7 அடி. த்ரோ ஏறக்குறைய 15 அடி. சாய்வு 28 டிகிரி. கிரீடத்தின் கீழே புகுந்துவிடும். 45 டிகிரி லென்ஸ் இருந்தால் 12 அடிக்கு மேல் வட்டம். மூன்று பக்கமும் ஜனம் உட்காரும் என்பதால் முன்மூலைகளில் இரண்டு கம்பம், கம்பத்துக்கு இரண்டு லைட். திரை பிடித்து வேஷக்காரர் வரும் வழிக்குத் தனியாக ஒன்று, பக்கவாட்டில். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் மின்னும் அந்த நேரத்தில் மற்றவற்றைப் பாதியாக இறக்கிப் பாருங்கள், ஊரே நிமிர்ந்து உட்காரும்.

மேளக்காரர், ஆர்மோனியக்காரர் கண்ணில் நேராக அடிக்கும்படி எதையும் வைக்காதீர்கள். அவர்கள் விடியும் வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றத்துல கால் தெரியலைன்னு டீச்சர் கோவிச்சுக்கறாங்க.

கோபம் நியாயமானது. முன்லைட் முகத்துக்குக் குறிவைத்தது. காலுக்குப் பக்கவாட்டில் தனியாக ஸ்டாண்டு வேண்டும். சைடு விங்கில் (மேடையின் பக்கவாட்டு மறைவிடத்தில்) 10 அடி த்ரோவில் 36 டிகிரி ப்ரொஃபைல் வைத்தால் ஆறரை அடி வட்டம்: சலங்கை முதல் நெற்றிச்சுட்டி வரை ஒரே லைட்டில் வந்துவிடும். சேலம் நேரு கலையரங்கம் மாதிரி நிரந்தர அரங்கில் இதைச் செய்வது சுலபம். கல்யாண மண்டபத்தில் விங் இருக்காது. அலங்காரத் தூணுக்குப் பின்னால் இடம் தேடுங்கள்.

நம்ம சேலம் குகைப் பகுதி வண்டி வேடிக்கைக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒத்து வருமுங்களா?

வரும், ஆனால் எல்லாம் தலைகீழாக. ஆடியில் சாமி வேடமிட்டவர்கள் அமர்ந்து வரும் வண்டியில் த்ரோ நாலு அடிகூட இருக்காது. 25 டிகிரி பாரை அங்கே வைத்தால் 0.44 பெருக்கல் 4, ஒன்றேமுக்கால் அடி. அம்மன் முகத்தில் கண்கூசும் ஒரு பொட்டு, கைகளில் இருக்கும் ஆயுதங்கள் இருட்டில்.

60 டிகிரி அல்லது அதற்கும் அகலமான ஃபிளட் வேண்டும், வாட்ஸ் குறைவாக. முன்னால் கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. இவ்வளவு கிட்டத்தில் ஹேலஜன் வேண்டாம்: ஜரிகையும் தெர்மாகோலும் காகிதமும் நிறைந்த இடம், அசையாமல் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் மனிதர்கள். எல்.இ.டி. மட்டும். வேடமிட்டவரிடமே "கண் கூசுதுங்களா" என்று வண்டி கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். கிளம்பிய பிறகு அவர் சாமி, சொல்ல மாட்டார்.

ஷார்ப்பி ரெண்டு இருக்கு, அதையே முகத்துக்குத் திருப்பிக்கலாமா?

கூடாது. 4 டிகிரி பீமுக்குப் பெருக்கல் எண் 0.07. 20 அடியில் ஒன்றரை அடி வட்டம்கூட வராது. ஆகாயத்தில் தூண் மாதிரி தெரிவதற்காகச் செய்த லைட் அது. எரியும் பொருளிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அதன் உடம்பிலேயே போட்டிருப்பார்கள். பந்தல் துணியை நோக்கி நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது.

ஏற்காட்டுல பனி எறங்கிடுச்சுன்னா எல்லாமே வெள்ளையாத் தெரியுது. பவர் கூட்டினா சரியாகுமா?

கூட்டினால் இன்னும் மோசமாகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகமே மேடைக்குள் வந்துவிடும் ஊர் அது. நீர்த்துளி ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஜனங்களின் தலைக்கு மேலிருந்து 60 அடி தாண்டி வரும் லைட், அந்த 60 அடிக்கும் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிக்கொண்டே வருகிறது. ஜனங்கள் அந்தத் திரையின் ஊடாகத்தான் ஆளைப் பார்க்க வேண்டும். கூட்டிய பவர் முகத்தைவிட அந்தத் திரைக்கே அதிகம் போகும்.

அங்கே செய்ய வேண்டியது த்ரோவைக் குறைப்பது. மேடையின் முன்விளிம்புக்கு மேலேயே ட்ரஸ் (லைட் தொங்கவிடும் உலோகச் சட்டம்) கட்டி, 36 அல்லது 50 டிகிரியில் கிட்டத்திலிருந்து போடுங்கள். வெளிச்சம் பனிக்குள் பயணிக்கும் தூரம் 12, 15 அடியாகிவிடும். பக்கவாட்டு லைட் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த ஒளிப்பாதை ஜனங்களின் பார்வைக்குக் குறுக்கே போகிறது, பார்வையோடு சேர்ந்து போவதில்லை. பின்னாலிருந்து ஜனங்களை நோக்கி வரும் லைட்டை இறக்குங்கள்: துளிகள் வெளிச்சத்தை முன்னோக்கியே அதிகம் தள்ளும், அதனால் அதுதான் மிக அதிகமாகப் புகையும். பாட்டுக்கு நடுவில் சில நொடிகள் அழகு. பேச்சாளர் நிற்கும்போது தொந்தரவு.

கோடை மழை சொல்லாமல் வரும். வெட்டவெளியில் நிற்பவை தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரத்தில் இருக்கட்டும். உள்ளரங்குக்கான ஐ.பி. 20 லைட்டில் பாலிதீன் பையைச் சுற்றுவது தீர்வாகாது. காற்றோட்டம் அடைபட்டுச் சூடேறும்.

மலையேத்தும்போது பல்பு போயிடுதே?

இருபது கொண்டை ஊசி வளைவு. ஹேலஜன் இழை சூட்டில் இருக்கும்போது குலுங்கினால் அறுந்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் உடனே ஏற்றாமல் முழுக்க ஆறவிட்டு ஏற்றுங்கள். முடிந்தால் பல்பைக் கழற்றித் தனியாகக் கொண்டு போங்கள், விரல் படாமல்.

கடையில ஒரே ஆங்கிள்தான் இருக்கு. எல்லாம் 25. என்ன பண்றது?

மூன்று வழி. த்ரோவை மாற்றுங்கள்: உங்களுக்கு 9 அடி வட்டம் வேண்டுமென்றால் 9-ஐ 0.44-ஆல் வகுத்து, த்ரோ ஏறக்குறைய 20 அடி வரும்படி கம்பம் நடுங்கள். லைட்டைத் தேர்ந்தெடுக்க முடியாதபோது இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அது முடியாவிட்டால் ஃப்ராஸ்ட் தாளை முன்னால் போட்டு விரியுங்கள். வெளிச்சம் கொஞ்சம் போகும், ஓரம் மென்மையாகும். மூன்றாவது, இரண்டு லைட்டை ஒரே கம்பத்தில் சற்றே விலக்கித் திருப்பி ஓர் அகல லைட்டாக நினைத்துக்கொள்வது.

கலந்து போடுவதில் மட்டும் கவனம். ஒரே வரிசையில் 25-ம் 45-ம் நின்றால், 25 விழும் இடம் மூன்று மடங்குக்கும் மேல் பிரகாசமாக இருக்கும். டிம்மரில் இறக்கி லக்ஸ் பார்த்துச் சமன் செய்யாமல் விடாதீர்கள்.

முகத்துக்குப் போட்ட லைட்டு பின்னாடி எல்.இ.டி. ஸ்கிரீன்ல விழுந்து படத்தை வெளுக்க வைக்குது. ஆங்கிளைக் குறைக்கட்டுங்களா?

குறைத்தால் ஓரளவு உதவும், ஆனால் உண்மையான விடை உயரத்தில் இருக்கிறது. வட்டம் ஆளோடு நிற்பதில்லை, அவரைத் தாண்டிப் பின்னால் நீள்கிறது. நம் உதாரண மேடையில் 37 டிகிரிச் சாய்வு, பீமின் மேல் ஓரம் 24 டிகிரியில் இறங்குகிறது. ஆளுக்கு 10 அடி பின்னால் இருக்கும் ஸ்கிரீனில் அது மேடைத் தளத்திலிருந்து ஐந்தரை அடி உயரம் வரைதான் ஏறும்.

இப்போது அதே 26 டிகிரி லைட்டைத் தாழ்த்தி, முகத்துக்கு மேல் 8 அடி, 24 அடி தள்ளி என்று வையுங்கள். த்ரோ 25 அடியாகும், பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் மேல் ஓரம் ஏறக்குறைய 5 டிகிரியில்தான் இறங்குகிறது. அதே ஸ்கிரீனில் கிட்டத்தட்ட 10 அடி உயரம் வரை வெளிச்சம் ஏறிவிடும்.

ஆகவே முதலில் கம்பத்தை உயர்த்தி முன்னால் கொண்டு வாருங்கள். அடுத்து ஆளை ஸ்கிரீனிலிருந்து முன்னுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். 3 அடி நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பிறகு ஸ்கிரீனின் அடிப்பகுதியை 3, 4 அடி உயர்த்திக் கட்டச் சொல்லிக் கேளுங்கள், ட்ரஸ் போடும்போதே கேட்டால் மறுக்க மாட்டார்கள். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதைப் ப்ரொஃபைலின் மேல்வெட்டாக விழும் தகட்டால் நறுக்கிவிடலாம். ப்ரொஃபைலில் பீம் தலைகீழாக வரும் என்பதால், மேல் ஓரத்தை வெட்ட நீங்கள் தள்ள வேண்டியது கீழே இருக்கும் தகடு.